இருவருக்கும் கிட்டத்தட்ட இருபது வயது வித்தியாசம்: ஆண் ஜோடிகளுக்கு எச்.ஐ.வி. பாதுகாப்பு பற்றி எளிமையாக

ஒருவருக்கு 24 வயது. மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு செல்போன் கடையில் வேலை. இன்னொருவருக்கு 43. பைபாஸ் ரோட்டில் உதிரி பாகக் கடை வைத்திருக்கிறார், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். இவர்களைக் கார்த்தி, செல்வம் என்று வைத்துக்கொள்வோம். பெயரும் ஆளும் விளக்கத்துக்காக நான் உண்டாக்கியவை. ஆனால் இப்படிப்பட்ட ஜோடிகள் மதுரையிலும் உண்டு, சுற்றியிருக்கும் ஊர்களிலும் உண்டு. பார்க்கிறவர்களுக்கு அவர்கள் தெரிந்த அண்ணன், கூடச் சுற்றும் தம்பி, அவ்வளவுதான். அந்த மறைவு அவர்களுக்கு ஒரு வசதி. அதே மறைவால், உடம்பைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லாமல் போகிறது.

அந்தச் சந்தேகங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசுவது 18 வயது நிரம்பிய இருவரைப் பற்றி மட்டும். அதற்குக் கீழே உள்ள பையனோடு பெரியவர் ஒருவர் உடலுறவு வைத்துக்கொண்டால், அவன் சரி என்று சொல்லியிருந்தாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அது குற்றம், குழந்தைக்கு இழைக்கும் கொடுமை. அப்படி நடப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் போலீஸ் வருமோ என்ற பயம் வேண்டாம்.

வயதுக்கும் எச்.ஐ.வி.க்கும் என்ன சம்பந்தம்?

வயது வித்தியாசத்தால் யாருக்கும் எச்.ஐ.வி. வருவதில்லை. ஒரே வயதுக்காரர்கள் இருவருக்கிடையிலும் அது பரவும். இருபது வயது மூத்தவரோடு ஆயுள் முழுக்க வாழ்ந்தும் வராமல் இருக்கும். ஆனாலும் இளைஞர்கள் தங்களை விட நன்கு மூத்த ஆண்களோடு பழகும்போது தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஏன் என்று யோசித்தால் புரியக்கூடியதுதான்.

எச்.ஐ.வி. ஒருமுறை உடம்புக்குள் வந்தால் போவதில்லை. வருஷம் போகப் போகத் தொற்று உள்ளவர்களின் எண்ணிக்கை சேர்ந்துகொண்டே வரும். 22 வயதுக்காரர்கள் நூறு பேரையும் 42 வயதுக்காரர்கள் நூறு பேரையும் எடுத்தால், இரண்டாவது கூட்டத்தில்தான் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அவர்கள் மோசமானவர்கள் என்பதால் இல்லை, அதிக வருஷம் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதால். கார்த்திக்குச் செல்வம் முதல் ஆளாகவே இருக்கலாம். செல்வத்துக்குக் கார்த்திக்கு முன்னால் ஒரு வாழ்க்கை இருந்திருக்கும்.

அடுத்தது உடம்பு சம்பந்தப்பட்டது. ஆசனவாயின் உள்தோல் மெல்லியது, எளிதில் கீறும். சிகிச்சை எடுக்காத, தொற்றுள்ள ஒருவரோடு ஆணுறை இல்லாமல் ஆசனவாய் உறவு வைத்தால், உள்ளே வாங்குபவருக்கு 10,000 தடவைக்குச் சுமார் 138 தடவை தொற்றும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செலுத்துபவருக்கு அது சுமார் 11. இது சராசரிக் கணக்கு; தொற்று வந்த முதல் சில வாரங்களில் ரத்தத்தில் கிருமி ஏகமாக இருக்கும், அப்போது ஆபத்து இதை விடப் பல மடங்கு. பல ஜோடிகளில் இளையவரே உள்ளே வாங்குபவராக இருப்பார், மூத்தவர் செலுத்துவார் என்பது எழுதாத வழக்கமாக இருக்கிறது. கேள்வியே கேட்காமல் அப்படி அமைந்துவிடுகிறது. அப்படியென்றால் அதிக ஆபத்தை யார் சுமக்கிறார் என்று பாருங்கள்.

மூன்றாவதைத்தான் நான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக நினைக்கிறேன். யார் முடிவெடுக்கிறார்கள்? ரூம் வாடகையை மூத்தவர் கொடுக்கிறார். வண்டி அவருடையது. வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவராக இருக்கலாம். அப்படிப்பட்டவரிடம் “ஆணுறை போட்டுக்கங்க” என்று சொல்ல இளையவருக்கு வாய் வராது. நம் ஊரில் பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசக் கூடாது என்றுதானே வளர்த்திருக்கிறார்கள். அந்த மரியாதை படுக்கையிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. “என்னை நம்ப மாட்டியா?” என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், பேச்சு முடிந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு தப்புக் கணக்கும் உண்டு. “சின்னப் பையன்தானே, இவனுக்கு என்ன நோய் இருக்கப்போகுது” என்று மூத்தவர் நினைத்துக்கொள்கிறார். போனில் இருக்கும் செயலிகள் வழியாக இளையவர் பலரைச் சந்தித்திருக்கலாம், ஒருமுறை கூட டெஸ்ட் எடுக்காமலும் இருந்திருக்கலாம். முகத்தைப் பார்த்தோ வயதைப் பார்த்தோ எச்.ஐ.வி.யைச் சொல்ல முடியாது. டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும்.

டெஸ்ட் எங்கே, எப்படி?

கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், எச்.ஐ.வி. டெஸ்ட்டும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையம் இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. காசு கிடையாது. மதுரையில் தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடுவார்களோ என்றால் திண்டுக்கல்லிலோ விருதுநகரிலோ போய் எடுக்கலாம். எந்த ஊர்க்காரரும் எந்த மையத்துக்கும் போகலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிட்டுத் தமிழிலேயே கேட்கலாம்.

உள்ளே போனதும் முதலில் ஆலோசகர் ஒருவர் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். எதற்காக டெஸ்ட், எப்போது கடைசியாக உறவு, ஆணுறை போட்டீர்களா என்று கேட்பார். சிலருக்கு இந்த இடம்தான் கஷ்டம். ஆண்களோடு உறவு என்பதை மறைத்துப் பேசினால் சரியான டெஸ்ட்டும் சரியான ஆலோசனையும் கிடைக்காமல் போகும். ஆசனவாயில், தொண்டையில் வரும் தொற்றை யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள். அதனால் சொல்லிவிடுங்கள். “ஆம்பளைங்க கூடத்தான் சார் பழக்கம்” என்றால் போதும், கதை முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு உங்கள் சம்மதம் வாங்கி ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும். முதல் கிட்டில் தொற்று இருப்பதாகக் காட்டினால், வேறு வகைக் கிட்டுகளில் மறுபடி பார்த்த பிறகே உறுதியாகச் சொல்வார்கள்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதமில்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை ஊருக்குச் சொல்லவும் கூடாது. தொற்று இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு அனுப்புவதும் சட்டப்படி தப்பு. “உன் ஆசையையே மாத்திவிடுறேன்” என்று எந்த டாக்டராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படிச் சிகிச்சை தருவது தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே அறிவித்துவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். நேற்று தொற்றியது இன்று டெஸ்ட்டில் தெரியாது. விதை போட்ட மறுநாள் முளையைத் தேடுகிற மாதிரிதான் அது. உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி அது டெஸ்ட்டில் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூன்று மாதம் கழித்து எடுத்தால் உறுதியாக நம்பலாம். ஆகவே ஆணுறையைக் கைவிடலாமா என்று யோசிக்கும் ஜோடி இன்றைக்கு ஒரு டெஸ்ட், மூன்று மாதம் கழித்து இன்னொன்று என்று எடுக்க வேண்டும். நடுவில் ஆணுறை கட்டாயம். வெளியே வேறு பழக்கம் இருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. வெளியே பழக்கம் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கொருமுறை டெஸ்ட் எடுப்பது நல்லது.

சரி, இந்தப் பேச்சை எப்படி ஆரம்பிப்பது? இப்படி ஆரம்பிக்கலாம்:

“அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?”

“சொல்லுப்பா.”

“பெரியாஸ்பத்திரில ரத்த டெஸ்ட் எடுக்கலாம்னு இருக்கேன். நீங்களும் வாங்கண்ணே, ரெண்டு பேரும் சேர்ந்தே எடுத்திருவோம்.”

“ஏன், எம்மேல சந்தேகமா?”

“அதெல்லாம் இல்லண்ணே. நான் இதுவரைக்கும் எடுத்ததே இல்ல. என்னால உங்களுக்கு ஒண்ணும் வந்திரக் கூடாதுல்ல.”

இது இளையவர் பக்கம். ஆனால் என்னைக் கேட்டால் இந்தப் பேச்சை மூத்தவர்தான் எடுக்க வேண்டும். வயதும் பணமும் அனுபவமும் அவர் கையில் இருக்கும்போது, தயங்கி நிற்கிற பையன் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருப்பது நியாயமில்லை. “நான் டெஸ்ட் எடுக்கப்போறேன், நீயும் வர்றியா?” என்று அவர் கேட்டால் அந்தப் பையனுக்கு எவ்வளவு பாரம் இறங்கும்!

கையில் இருக்கும் பாதுகாப்புகள்

ஆணுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கூடவே ஜெல்லி வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. ஆசனவாயில் இயற்கையாக ஈரம் சுரப்பதில்லை. ஜெல்லி இல்லாவிட்டால் ஆணுறை கிழியும், தோலும் கிழியும். வீட்டில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய்தான், அல்லது வாசலின். இரண்டுமே ரப்பர் ஆணுறையைச் சில நிமிஷத்தில் பலவீனமாக்கிவிடும். தண்ணீர் அடிப்படையிலான ஜெல்லி என்று கேட்டு மெடிக்கலில் வாங்குங்கள். எச்சில் போதாது, சீக்கிரம் காய்ந்துவிடும். ஆணுறை அரசு மருத்துவமனைகளிலும் நம்பிக்கை மையங்களிலும் இலவசமாகக் கிடைக்கும். பர்ஸுக்குள் மாதக்கணக்கில் வைத்து, வண்டி சீட்டுக்கடியில் மதுரை வெயிலில் காயவைத்து எடுத்த ஆணுறையைப் பயன்படுத்தாதீர்கள்.

ஆணுறைக்கு இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். யாருடைய அனுமதியும் கேட்காமல் நீங்களே எடுத்துக்கொள்ளக்கூடிய பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பிரெப். தொற்று இல்லாதவர், வராமல் இருப்பதற்காகச் சாப்பிடும் மாத்திரை. டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரண்டு மருந்துகள் அதில் சேர்ந்திருக்கும். தினம் ஒன்று தவறாமல் சாப்பிட்டால் உடலுறவு வழியாக எச்.ஐ.வி. வருவதைச் சுமார் 99 சதவீதம் தடுக்கும். மூத்தவரிடம் பேசத் தைரியம் வராத இளைஞருக்கு இதை நான் முதலில் சொல்வேன். வாயைத் திறக்கும் தைரியம் வரும் வரை உடம்பாவது பத்திரமாக இருக்கட்டும். டாக்டர் சீட்டு வேண்டும். ஆரம்பிக்கும் முன் எச்.ஐ.வி. இல்லை என்று டெஸ்ட்டில் உறுதி செய்ய வேண்டும். மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி (ஹெபடைடிஸ் பி) இருக்கிறதா, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்றும் பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்கொருமுறை எச்.ஐ.வி. டெஸ்ட் தொடர வேண்டும்.

எப்போதாவது மட்டும் சந்திக்கும் ஆண்களுக்கு இன்னொரு முறை உண்டு. உறவுக்கு 2 முதல் 24 மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு மாத்திரை, முதல் வேளையிலிருந்து 24 மணி நேரம் கழித்து ஒன்று, 48 மணி நேரத்தில் இன்னொன்று. காமாலை பி வகைத் தொற்று உள்ளவர்களுக்கு இந்த முறை ஆகாது. பிரெப் எச்.ஐ.வி.யை மட்டும்தான் தடுக்கும், மேகநோய் (சிஃபிலிஸ்), வெட்டை (கொனோரியா) போன்ற மற்ற பால்வினை நோய்களைத் தடுக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது போடாமலே நடந்துவிட்டது. அப்போது 72 மணி நேரம் கையில் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி நடந்ததென்றால் செவ்வாய்க்கிழமை ராத்திரி வரை. அதற்குள், தொற்று வராமல் தடுக்கும் அவசர மருந்தைத் (பெப்) தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட்டால் தொற்றைப் பெருமளவு தடுத்துவிடலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, திங்கட்கிழமை ஓ.பி. திறக்கட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். அங்கே தாமதமானால் இந்த மருந்தைப் பற்றித் தெரிந்த தனியார் டாக்டரிடம் போங்கள்.

எச்.ஐ.வி. மட்டுமா?

மேகநோய், அதாவது சிஃபிலிஸ், ஒரு வலியில்லாத புண்ணாக ஆரம்பிக்கும். அது ஆசனவாய்க்குள் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. புண் தானாக ஆறிவிடும், நோய் உள்ளே இருக்கும். சில வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரும், அதுவும் மறையும். குணமாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ரத்த டெஸ்ட்டில் கண்டுபிடித்துவிடலாம்; ஆரம்பக் கட்டமென்றால் ஒரு பென்சிலின் ஊசியிலேயே சரியாகும். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும். இளையவர் மட்டும் ஊசி போட்டுக்கொண்டு, மூத்தவர் “எனக்கு ஒண்ணும் இல்ல” என்று இருந்தால், அடுத்த மாதமே அவரிடமிருந்து திரும்ப வரும். வெட்டை தொண்டையிலும் ஆசனவாயிலும் எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கலாம். வாய்வழி உறவில் எச்.ஐ.வி. பரவுவது மிக அரிது என்றாலும் இவை இரண்டும் அந்த வழியாகப் பரவும்.

அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் இதற்கெல்லாம் இலவசச் சிகிச்சை உண்டு. மெடிக்கலில் சொல்லி வாங்கும் ரெண்டு கேப்சூலும், பஸ் ஸ்டாண்ட் லாட்ஜில் மாதம் ஒருமுறை முகாம் போடுபவர்களின் லேகியமும் நோயை மறைக்குமே தவிர தீர்க்காது. காமாலை பி வகைக்கு ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசியாகப் போடும் தடுப்பூசி இருக்கிறது. அது நாடு முழுக்க அரசின் குழந்தைத் தடுப்பூசிப் பட்டியலில் சேர்ந்ததே 2011-இல்தான். ஆகவே 43 வயதுக்காரருக்குப் போட்டிருக்க வாய்ப்பு குறைவு, 24 வயதுக்காரருக்கும் சந்தேகம்தான். இருவரும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

மூத்தவர் உடம்பைப் பற்றித் தனியாகக் கொஞ்சம்

நாற்பதைத் தாண்டியவருக்குச் சுகர், பிரஷர் இருக்கலாம். ஆணுறை போட்டதும் விறைப்பு தளர்ந்துவிடுகிறது என்பதால்தான் பலர் அதைத் தவிர்க்கிறார்கள், காரணத்தை மட்டும் வெளியே சொல்வதில்லை. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, சுகரின் விளைவாகவே அது இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் வழி உண்டு. தானாகவே சில்டெனாஃபில் மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மாத்திரை சாப்பிடுகிறவர், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வைத்திருப்பவர், இதையும் சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இன்னொன்று. உடம்பு இளைத்தால் “சுகர்தான்” என்று நம் ஊரில் முடிவு கட்டிவிடுகிறோம். விடாத காய்ச்சல், இருமல், வாயில் வெள்ளைப் படலம், காரணமில்லாமல் எடை குறைவது இவையெல்லாம் எச்.ஐ.வி. முற்றியதன் அடையாளமாகவும் இருக்கலாம். இந்த வயதில் யாரும் சந்தேகப்படாததால் மூத்தவர்களுக்கு நோய் தாமதமாகத் தெரிய வருகிறது. சுகர் டெஸ்ட் எடுக்கும்போதே எச்.ஐ.வி. டெஸ்ட்டும் எடுத்துவிடலாம்.

செல்வத்துக்கு வீட்டில் மனைவி இருக்கிறார். இந்த விஷயத்தில் எதையும் கேட்காமல், எதையும் அறியாமல் ஆபத்தில் நிற்பவர் அவர்தான். அவரிடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பது அந்த வீட்டுக்குள் தீர வேண்டியது. நான் வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் வெளியே ஆணுறை இல்லாமல் இருந்துவிட்டு, டெஸ்ட் எடுக்காமல், வீட்டில் அப்படியே உறவு வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். தொற்று என்று தெரிந்தால் மனைவிக்கும் டெஸ்ட் எடுத்தாக வேண்டும். எப்படிப் பேசுவது என்று தெரியாமல் நிற்பவருக்கு நம்பிக்கை மையத்து ஆலோசகர் உதவுவார், கேட்டால் கூட உட்கார்ந்தே பேசுவார்.

ஒருவருக்கு இருக்கிறது, ஒருவருக்கு இல்லை என்று வந்தால்?

ஜோடியின் வாழ்க்கை அதோடு முடிந்துவிடாது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அப்போது மருந்தே கிடையாது. இன்று பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மருந்து இலவசம். பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரே ஒரு மாத்திரைதான். 2017 முதல், தொற்று உறுதியானவுடனேயே மருந்து தொடங்குகிறார்கள், உடம்பு மோசமாகட்டும் என்று காத்திருப்பதில்லை.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் கிருமியின் அளவு டெஸ்ட்டில் பிடிபடாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படிக் குறைந்து நிலையாக இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவாது. 2019-இல் வெளியான பார்ட்னர் ஆய்வு இதைக் காட்டியது. ஐரோப்பாவில் ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் ஜோடிகளைப் பார்த்தார்கள். அவர்களுக்குள் ஆணுறை இல்லாமல் நடந்த உறவு சுமார் 76,000 தடவை. மருந்து சாப்பிட்ட துணையிடமிருந்து ஒருவருக்குக் கூடத் தொற்று வரவில்லை. “எனக்கு இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன், கிருமி இல்லேன்னு ரிப்போர்ட் இருக்கு” என்று வெளிப்படையாகச் சொல்கிற 45 வயதுக்காரரைப் பார்த்து விலகி ஓடும் இளைஞர், “எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல” என்று டெஸ்ட்டே எடுக்காமல் சொல்பவரோடு தயங்காமல் போகிறார். எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை இரண்டாவது ஆளிடம்தான் ஆபத்து அதிகம்.

கிருமி அடங்கிவிட்டது என்று ரிப்போர்ட் வரும் வரை ஆணுறை வேண்டும், தொற்றில்லாதவர் பிரெப் மாத்திரையும் எடுத்துக்கொள்ளலாம். அளவைப் பார்க்கும் டெஸ்ட்டும் அரசு மையத்திலேயே இலவசம். எப்போது வரச் சொன்னார்களோ அப்போது போய்விட வேண்டும். மாத்திரையை இடையில் நிறுத்தினால் கிருமி திரும்பப் பெருகும். திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போகிறவர்கள், அங்கே போய் மருந்து தீர்ந்த பிறகு அலைய வேண்டாம்; கிளம்பும் முன்பே இங்குள்ள மையத்தில் சொன்னால் அந்த ஊர் மையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள்.